வன மரங்களும் தேனீக்களும்: குமரி மலைகளின் வரலாறு

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் மலைச்சரிவுகளும் அவற்றின் அடிவாரமும் தமிழ்நாட்டில் தேன் உற்பத்திக்குப் பெயர் பெற்ற பகுதியாகும். மார்த்தாண்டம் தேன் என்ற பெயர் தமிழ்நாட்டுக் கடைகளில் பல தலைமுறைகளாகப் புழங்கி வருகிறது. இத்தேனின் வரலாறு தேனீக்களின் வரலாறு மட்டும் அன்று. அவற்றுக்கு உணவளித்த மரங்களின் வரலாறும் ஆகும். கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் இம்மலைகளில் கலப்பு வனத்தின் இடத்தைப் பல இடங்களில் ஒரே வகை மரங்களின் தோட்டங்கள் பிடித்தன. அதனால் தேன் குறையவில்லை. சில மாதங்களில் கூடவே செய்தது. ஆனால் தேனீ ஆண்டு முழுவதும் பிழைத்திருப்பது முன்பைவிடக் கடினமாயிற்று. இந்த முரண்பாடு எப்படி உருவாயிற்று என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மரம் தரும் இரு உணவுகள்

தேனீக்களுக்கு இரண்டு வகை உணவு தேவை. ஒன்று மதுரம். இது மலர்களிலும் சில தாவரங்களின் இலைக்காம்புகளிலும் சுரக்கும் இனிப்பு நீர். பணித் தேனீக்கள் இதை உறிஞ்சி வந்து, நொதிகளைச் சேர்த்து, சிறகடித்து நீரை வற்றச் செய்து தேனாக மாற்றுகின்றன. மற்றொன்று மகரந்தம். மதுரம் உழைப்பதற்கான ஆற்றலைத் தருகிறது. மகரந்தம் புழுக்களின் வளர்ச்சிக்கான புரதத்தைத் தருகிறது. மகரந்தம் வராத கூட்டில் இராணித் தேனீ முட்டையிடுவதைக் குறைத்துவிடும். சில வாரங்களில் வயதான பணித் தேனீக்கள் இறந்து, அவற்றின் இடத்தை நிரப்பப் புதியவை இல்லாமல் கூட்டம் மெலியும்.

தேனீக்கள் செடி, கொடி, பயிர் எல்லாவற்றையும் நாடுகின்றன. என்றாலும் மரங்களுக்குத் தனி இடம் உண்டு. முழு வளர்ச்சி பெற்ற ஒரு மரம் சிறிய நிலப்பரப்பில் நின்றபடியே பெருந்தொகையான மலர்களை ஒரே நேரத்தில் விரிக்கிறது. அதன் வேர் ஆழத்திலிருந்து நீரை எடுப்பதால், தரையிலுள்ள புல்பூண்டுகள் காய்ந்த கோடையிலும் அதனால் பூக்க முடிகிறது. இந்தியத் தேனீ என்றும் அடுக்குத் தேனீ என்றும் அழைக்கப்படும் இனம் பெரும்பாலும் கூட்டிலிருந்து ஏறத்தாழ 1 கிலோமீட்டர் தொலைவுக்குள்ளேயே இரை தேடுகிறது. அந்தச் சிறு வட்டத்துக்குள் எந்த மரங்கள், எந்த மாதத்தில் பூக்கின்றன என்பதே அக்கூட்டத்தின் வாழ்வைத் தீர்மானிக்கிறது.

மரங்கள் உணவுடன் இருப்பிடத்தையும் தருகின்றன. அடுக்குத் தேனீ மரப்பொந்துகளில் பல அடைகளை அடுக்கிக் கட்டுகிறது. மலைத்தேனீ உயர்ந்த மரங்களின் கிளைகளிலும் பாறை முகடுகளிலும் ஒற்றைப் பெரிய அடையைத் தொங்கவிடுகிறது. கொம்புத் தேனீ புதர்க் கிளைகளிலும், கொட்டும் திறனற்ற கொசுத் தேனீ சிறு பொந்துகளிலும் வாழ்கின்றன.

வனத்தின் பூக்கால வரிசை

இலையுதிர் மரங்களும் பசுமை மாறா மரங்களும் கலந்து நிற்கும் வனத்தில் பூக்கும் காலம் மரத்துக்கு மரம் மாறுபடும். தை, மாசி மாதங்களில் இலைகளை உதிர்த்துவிட்டு நிற்கும் முள்ளிலவு, புரசு, முருக்கு ஆகியவை சிவந்த மலர்களை விரிக்கின்றன. அதே வேளையில் தொடங்கும் இலுப்பையின் பூக்காலம் பங்குனி வரை நீள்கிறது. வேம்பும் புங்கமும் அதைத் தொடர்கின்றன. பங்குனி முதல் வைகாசி வரை நாவல், தான்றி, கடுக்காய், புளி ஆகியவை பூக்கின்றன. நாவல் பூக்கும் பருவத்தில் எடுக்கும் தேனில் இலேசான கசப்பு இருப்பதைத் தேனெடுப்போர் அறிவர்.

தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் வரத்து குறைகிறது. மழைக்காலத்தில் தேக்கு பூத்தாலும், விடாத மழையில் தேனீக்கள் வெளியே பறக்க முடிவதில்லை. மழை ஓய்ந்தபின் வெண்மருது, வேங்கை போன்றவையும், ஐப்பசிக்குப் பிறகு பூந்திக்கொட்டை மரமான பூவந்தியும் அடுத்த சுற்றைத் தொடங்குகின்றன.

இந்த மரங்கள் எல்லாம் மிகுதியாகத் தேன் தருபவை அல்ல. சில மரங்களின் மதுரம் அடையில் சேமிக்கும் அளவுக்குக் கிடைக்கும். வேறு சில அன்றாடப் பிழைப்புக்கு மட்டுமே போதும். இன்னும் சில மகரந்தம் மட்டும் தரும். மனிதர் கண்ணில் படுவது முதல் வகை. தேனீக்கு மூன்றும் வேண்டும். ஒரு மரத்தின் பூக்காலம் முடியும்போது இன்னொன்று தொடங்கும் வரிசை அறாமல் இருப்பதே கலப்பு வனத்தின் சிறப்பு. வரிசை அறுந்தால் மலைத்தேனீ பூக்கும் இடத்தை நாடி நெடுந்தொலைவு இடம்பெயர்கிறது. அடுக்குத் தேனீயும் கடும் பஞ்சத்தில் கூட்டைக் கைவிட்டு வெளியேறிவிடும்.

தேனெடுப்பின் பழைய மரபு

தமிழ்நிலத்தின் ஐந்திணைப் பகுப்பில் தேனெடுத்தல் குறிஞ்சி நில மக்களின் தொழில்களுள் ஒன்று. பறம்பு மலையைப் பற்றிக் கபிலர் பாடிய புறநானூற்றுப் பாடல், உழவின்றி மலை தரும் நான்கு பொருள்களுள் ஒன்றாகத் தேனைச் சொல்கிறது. தேன் பயிரிடப்படும் பொருளாக அல்லாமல், வனம் தானே தரும் விளைச்சலாகவே அன்று கருதப்பட்டது என்பதை இது காட்டுகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும் குறும்பர், இருளர், காட்டுநாயக்கர், சோளகர், பளியர், காணிக்காரர் முதலிய பழங்குடியினர் தேனெடுத்து வந்துள்ளனர். பாறை முகட்டுத் தேனுக்குக் கொடிகளால் முறுக்கிய ஏணியும், தேனீக்களை விலக்கப் புகையும் பயன்பட்டன. எந்த மரம் எப்போது பூக்கும், அது பூத்த எத்தனையாவது நாளில் அடை நிறையும் என்ற அறிவே இத்தொழிலின் அடிப்படை. குமரி மலைகளில் வாழும் காணிக்காரர்கள் ஓணத்தை ஒட்டித் திருவிதாங்கூர் மன்னரைக் காணச் செல்லும்போது, தேன் உள்ளிட்ட மலைப்பொருள்களைக் காணிக்கையாகக் கொண்டு சென்றதாகப் பழைய பதிவுகள் தெரிவிக்கின்றன. அக்காலத்தில் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் பெரும்பகுதி திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தது.

மரக்கணக்கில் இடம்பெறாத மரங்கள்

19ஆம் நூற்றாண்டில் வனம் மரக்கட்டையின் கிடங்காகக் கணக்கிடப்பட்டது. கப்பல் கட்டத் தேக்கு தேவைப்பட்டதால், 1840களில் மலபார் மாவட்ட ஆட்சியர் கானலி நிலம்பூரில் தேக்குத் தோட்டத்தைத் தொடங்கினார். நீலகிரியில் 1843ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கற்பூர மரம் நடப்பட்டு, பின்னர் விறகுக்காகப் பரவலாக்கப்பட்டது. சீகை என்று அங்குள்ளோர் அழைக்கும் வாட்டில் மரமும் அவ்வாறே பரவியது. காபி, தேயிலைத் தோட்டங்களுக்காக மலைச்சரிவுகள் திருத்தப்பட்டன.

தேனீயின் பார்வையில் இம்மாற்றங்கள் ஒரே தன்மையுடையவை அல்ல. கற்பூர மரம் நல்ல மதுரம் தரும். காபித் தோட்டம் கோடை மழைக்குப் பின் சில நாட்கள் வெண்மையாகப் பூத்து நிற்கும்; அதன் நிழலுக்கு நட்ட சில்வர் ஓக்கும் தேனீக்களை ஈர்க்கும். தேயிலையோ கொழுந்துக்காக ஓயாமல் கவாத்து செய்யப்படுவதால் பூப்பதற்கே வாய்ப்பற்றது. பல ஏக்கர் பச்சையாகத் தெரிந்தாலும் அங்கு தேனீக்கு உணவு அரிது.

1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் சென்னை மாகாணத்தில் காப்புக்காடுகளை உருவாக்கியது. பிரிட்டிஷ் இந்தியாவின் பிற பகுதிகளுக்கான 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம், தேனையும் மெழுகையும் வனப்பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. மலைவாழ் மக்கள் தலைமுறையாக எடுத்து வந்த தேன், அனுமதியும் குத்தகையும் தேவைப்படும் சரக்காக மாறியது.

வனக் கணக்கில் தேக்கும் ஈட்டியும் மதிப்புமிக்கவை. மென்மரங்களுக்கு அங்கே மதிப்பில்லை. முள்ளிலவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது வறண்ட மாதங்களில் தேனீக்களுக்கும் பறவைகளுக்கும் உணவளிக்கும் மரம். அதன் உயர்ந்த கிளைகளில் மலைத்தேனீ அடை கட்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீப்பெட்டித் தொழில் வளர்ந்தபோது, குச்சிக்கு ஏற்ற மென்மரமாக முள்ளிலவு தேடப்பட்டது. மதிப்பில்லாதவரை வனத்தில் நின்ற மரம், மதிப்பு வந்ததும் வெட்டப்பட்டது. ஆனால் அந்த மதிப்பில் தேனீக்கு அளித்த உணவு சேர்க்கப்படவில்லை.

பெட்டிக்கு வந்த தேனீ

அமெரிக்கரான லாங்ஸ்ட்ராத் 1851ஆம் ஆண்டு தேனீக்கள் அடைகளுக்கிடையே விடும் இடைவெளியின் அளவைப் பயன்படுத்தி, கழற்றி மாட்டக்கூடிய சட்டங்கள் கொண்ட பெட்டியை வடிவமைத்தார். அடையைப் பிழியாமலும் புழுக்களைக் கொல்லாமலும் தேனெடுக்க இது வழி செய்தது. இந்தியாவில் 1880களில் வங்காளத்திலும் பஞ்சாபிலும் இவ்வகைப் பெட்டிகள் சோதிக்கப்பட்டன. எனினும் ஐரோப்பியத் தேனீக்கு அளவெடுத்த பெட்டி, உருவில் சிறிய இந்தியத் தேனீக்குப் பொருந்தவில்லை.

1910களில் திருச்சிராப்பள்ளிப் பகுதியில் பணியாற்றிய நியூட்டன் பாதிரியார் இந்தியத் தேனீக்கு ஏற்ற சிறிய பெட்டியை உருவாக்கி, கிராமத்தாருக்குப் பயிற்சியும் அளித்தார். நியூட்டன் பெட்டி என்ற பெயரில் அது இன்றும் தென்னிந்தியாவில் புழக்கத்தில் உள்ளது. 1928ஆம் ஆண்டு அறிக்கை அளித்த வேளாண்மைக்கான அரசக் குழுவும் தேனீ வளர்ப்பைக் குடிசைத் தொழிலாக ஊக்குவிக்கப் பரிந்துரைத்தது.

1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பு கிராம முன்னேற்ற மையம் ஒன்றை நடத்தியது. அதன் பொறுப்பில் இருந்த அமெரிக்க வேளாண் வல்லுநர் ஸ்பென்சர் ஹேட்ச், சிறு நிலம் உடையோரும் நிலமற்றோரும் துணை வருமானம் பெறும் தொழில்களில் ஒன்றாகத் தேனீ வளர்ப்பை முன்வைத்தார். தேனீக்கு உணவளிக்கச் சொந்த நிலம் தேவையில்லை. வீட்டுப் புறக்கடையில் வைத்த பெட்டியிலிருந்து பறக்கும் தேனீ யாருடைய மரத்திலும் உணவு எடுக்கும். ஏழைக் குடும்பங்களுக்கு இத்தொழில் ஏற்றதானதற்கு இது முக்கியக் காரணம்.

மார்த்தாண்டத்தின் சூழலும் இதற்குத் துணை நின்றது. பாளை விரிந்தபடியே இருக்கும் தென்னை, ஆண்டு முழுவதும் மகரந்தம் தந்தது. பனை, புளி, மா, பலா, முருங்கை, முந்திரி ஆகியவை வீட்டைச் சுற்றி நின்றன. கிழக்கிலும் வடக்கிலும் வனம் அருகில் இருந்தது. பெட்டியில் வைக்க வேண்டிய தேனீக்களும் மரப்பொந்துகளிலிருந்தே பிடிக்கப்பட்டன. கலப்பு வனத்தின் பூக்கால வரிசை, சிறிய அளவில் வீட்டுத் தோட்டங்களிலும் தொடர்ந்தது எனலாம்.

ரப்பர் மரத்தின் வருகை

ரப்பர் மரத்தின் தாயகம் பிரேசில். 1876ஆம் ஆண்டு விக்காம் அங்கிருந்து கொண்டு சென்ற விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, அதே ஆண்டில் கன்றுகளாக இலங்கைக்கு வந்தன. 1902ஆம் ஆண்டு பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் வணிக நோக்கிலான ரப்பர் சாகுபடி தொடங்கியது. பிறகு திருவிதாங்கூர் முழுவதும், குமரி மலையடிவாரம் வரையிலும் அது பரவியது. 1956ஆம் ஆண்டு கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டுடன் இணைந்த பிறகும் இப்பரவல் தொடர்ந்தது. வன நிலத்தில் வளர்க்கப்பட்ட தோட்டங்களை நிர்வகிக்க 1984ஆம் ஆண்டு அரசு ரப்பர் கழகம் நிறுவப்பட்டது. சிறு விவசாயிகளும் தங்கள் பலமரத் தோப்புகளை அழித்து ரப்பர் நட்டனர்.

ரப்பர் மரம் தேனீக்கு உணவளிக்கும் முறை வியப்புக்குரியது. இம்மரத்தின் தேன் பெரும்பாலும் பூவிலிருந்து வருவதில்லை. குளிர்காலத்தில் இலைகளை உதிர்க்கும் ரப்பர், மீண்டும் செம்பழுப்பு நிறத்தில் தளிர்க்கிறது. மூன்று சிற்றிலைகள் காம்புடன் கூடும் இடத்தில் சிறு சுரப்பிகள் உள்ளன. தளிர் முற்றும் வரையிலான சில வாரங்களில் அவை மதுரத்தைச் சுரக்கின்றன. ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே சமயத்தில் தளிர்ப்பதால், மாசி, பங்குனி மாதங்களில் பெட்டிகள் விரைவாக நிறைகின்றன. குமரி மாவட்டத் தேனீ வளர்ப்பு பெருந்தொழிலாக வளர்ந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். தேனீ வளர்ப்போர் பெட்டிகளை இரவில் லாரிகளில் ஏற்றிக் கேரளத்தின் ரப்பர் தோட்டங்களுக்கும் கொண்டு சென்றனர்.

ஆனால் இலைச் சுரப்பியில் மகரந்தம் கிடையாது. ரப்பர் தோட்டத்தின் நடுவே வைத்த பெட்டியில் தேன் பெருகும். புழு வளர்ப்புக்கான புரதத்தை வேறு தாவரங்களிலிருந்தே பெற வேண்டும். தளிர் முற்றியதும் மதுரமும் நின்றுவிடும். பிறகு அடுத்த ஆண்டுத் தளிர்ப் பருவம் வரை அத்தோட்டம் தேனீக்குப் பெரிய அளவில் எதையும் தருவதில்லை. தளிரைச் சாம்பல் நோய் தாக்கினாலோ, பருவம் தவறிய மழை பெய்தாலோ, ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்த வரத்தும் குறையும். கலப்பு வனத்தில் ஒரு மரம் பொய்த்தால் இன்னொன்று ஈடு செய்யும். ஒற்றை மரத் தோட்டத்தில் அந்த ஈடு இல்லை.

தேனைப் பற்றிய ஆய்விலும் இவ்வேறுபாடு வெளிப்படுகிறது. 1962ஆம் ஆண்டு புனேயில் மத்தியத் தேனீ ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்ட பிறகு, தேனிலுள்ள மகரந்தத் துகள்களை நுண்ணோக்கியில் கண்டு, அது எந்தத் தாவரத்திலிருந்து வந்தது என்று அறியும் ஆய்வு இந்தியாவில் வளர்ந்தது. நாவல் தேனில் நாவலின் மகரந்தம் இருக்கும். ரப்பர் தேனில் ரப்பரின் மகரந்தம் மிகக் குறைவு. அதில் தென்படுவது பெரும்பாலும் தென்னை போன்ற வேறு தாவரங்களின் மகரந்தமே. ரப்பர் மதுரத்தைத் திரட்டிய தேனீக்களைப் பிழைக்க வைத்தவை எந்தெந்தத் தாவரங்கள் என்பதற்கு இத்துகள்களே சான்று.

1991-92ஆம் ஆண்டின் பேரழிவு

1991-92ஆம் ஆண்டுகளில் தாய்லாந்து சாக்புரூட் எனப்படும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவியது. நோய் தாக்கிய புழுக்கள் கூட்டுப்புழுவாக மாறாமல், நீர் நிறைந்த பைபோல் உப்பி அறைக்குள்ளேயே இறந்தன. பெட்டிகளில் வளர்க்கப்பட்ட இந்தியத் தேனீக் கூட்டங்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தன. கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் இத்தொழிலை நம்பியிருந்த குடும்பங்கள் வெற்றுப் பெட்டிகளுடன் நின்றன. நோய்க்கு மருந்து இல்லை.

இதற்குக் காரணம் வைரஸ். மர மாற்றம் அன்று. ஆனால் தொழில் மீண்ட விதத்தில் மரங்களுக்குப் பங்கு உண்டு. நோயைத் தாங்கிப் பிழைத்த கூட்டங்களிலிருந்து புதிய கூட்டங்கள் பெருக்கப்பட்டன. பெட்டியில் தேனீ அழிந்தபோதும், பொந்தில் இயற்கையாக வாழும் கூட்டம் ஒரு சேமிப்பாக இருக்கிறது. அத்தகைய கூட்டங்களுக்குப் பொந்துள்ள முதிர்ந்த மரங்களும், ஆண்டு முழுவதும் உணவும் வேண்டும். பால் வடிக்கும் ரப்பர் மரங்கள் குறிப்பிட்ட வயதில் வெட்டப்பட்டு மறுநடவு செய்யப்படுவதால், பொந்து விழும் வயது வரை அவை நிற்பதில்லை. இக்காலத்துக்குப் பின் இத்தாலியத் தேனீயும் தென்மாநிலங்களில் பரவலாகக் கொண்டுவரப்பட்டது. அது மிகுதியாகத் தேன் தரும். அதற்கேற்ப மிகுதியான உணவும் வேண்டும்.

இன்றைய நிலை

இன்று ரப்பர்ப் பருவம் முடிந்ததும் தேனீ வளர்ப்போர் பெட்டிகளை வீட்டுத் தோப்புகளுக்குத் திருப்பிக் கொண்டுவருகின்றனர். ஆனி, ஆடி மழைக்காலத்தில் சர்க்கரைப் பாகு ஊட்டிக் கூட்டங்களைக் காக்கின்றனர். பாகு மதுரத்துக்கு மாற்றாகலாம், மகரந்தத்துக்கு மாற்றாகாது. உணவு போதாத கூட்டங்கள் இக்காலத்தில் பெட்டியைக் கைவிட்டு ஓடிவிடும். அடுத்த தேன் பருவத்துக்குள் அவற்றை ஈடு செய்ய முடியாதவர் அந்த ஆண்டு வருமானத்தை இழக்கிறார். நிலம் தேவைப்படாத தொழில் என்பதால் ஏழைகளுக்கு ஏற்றதாக இருந்த தேனீ வளர்ப்பு, பிறர் நிலத்து மரங்களையே முழுதும் நம்பியிருக்கிறது. தோப்பின் உரிமையாளர் புளியையும் இலுப்பையையும் வெட்ட முடிவு செய்யும்போது, தேனீ வளர்ப்பவரிடம் கேட்பதில்லை.

மலையில் தேனெடுக்கும் பழங்குடியினருக்கு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், தேன் உள்ளிட்ட சிறு வனப்பொருள்கள் மீதான உரிமையை ஏற்றுக்கொண்டது. 2008ஆம் ஆண்டு கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. இம்மலைகளை உள்ளடக்கிய அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2016ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக வலையமைப்பில் சேர்ந்தது. எஞ்சியுள்ள கலப்பு வனம் தேனீக்களின் உணவுக்கும் இருப்பிடத்துக்கும் இன்றும் அடித்தளமாக உள்ளது. பதிலுக்குத் தேனீக்களும் அம்மரங்களில் பலவற்றின் மகரந்தச் சேர்க்கைக்கு உதவி, விதை உண்டாக வழி செய்கின்றன.

வனத்துக்கு வெளியே, தோட்டங்களின் வேலி ஓரத்திலும் ஓடைக் கரையிலும் வெவ்வேறு மாதங்களில் பூக்கும் மரங்களை நட்டுப் பராமரிப்பது நடைமுறைக்கு ஏற்ற வழி. ரப்பர் ஓயும்போது நாவலும் புளியும், மழைக்குப்பின் பூவந்தியும், ஆண்டு முழுவதும் தென்னையும் கிடைத்தால், அறுந்த பூக்கால வரிசை ஓரளவு மீண்டும் இணையும். ஒரு தோட்டம் பங்குனியில் எத்தனை கிலோ தேன் தந்தது என்பதை அளப்பது எளிது. அந்தத் தேனைச் சேர்த்த கூட்டம் ஆடி மாதத்தில் எதை உண்டது என்பதும் அதே கணக்கில் சேர வேண்டும் என்பதையே குமரி மலைகளின் மர வரலாறு காட்டுகிறது.